நைத்திரேற்றுக்கு நிறமில்லை

பாடசாலைகளுக்கு வரும் சுற்றுநிருபங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய வகை சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, சித்திரப் போட்டி என்றுதான் வரும். ஜூன் 5 நெருங்கினால் சித்திர ஆசிரியருக்கு ஓய்வில்லை. பூமிப்பந்தைக் கைகள் தாங்குவது போன்ற படத்தை எத்தனை பிள்ளைகள் எத்தனை வருடங்களாக வரைந்திருப்பார்கள் என்று கணக்கில்லை. இப்போது 'மூன்று நிமிட வீடியோ' என்று வருகிறது. உங்கள் பாடசாலைச் சமூகத்தில் ஒரு சூழற் பிரச்சினையைக் கண்டுபிடியுங்கள், அதற்கு மாணவர்களே தீர்வு ஒன்றைச் செய்யட்டும், பிரச்சினை, செயல், பெறுபேறு ஆகிய மூன்றையும் படமாக்கி அனுப்புங்கள் என்கிறார்கள். முதற்பரிசு, சான்றிதழ், கேடயம்.

இது உலகம் முழுவதும் நடக்கிற காரியந்தான். சூழற் கல்விக்கான அறக்கட்டளை என்ற சர்வதேச அமைப்பு 1994 முதல் 'சூழலுக்கான இளம் நிருபர்கள்' என்ற திட்டத்தை நடத்தி வருகிறது. கட்டுரை, புகைப்படம், வீடியோ என்று பிரிவுகள் உண்டு. முதலில் விசாரி, பிறகு தீர்வைத் தேடு, பிறகு அறிக்கையிடு, பிறகு பரப்பு என்று நான்கு படிகள் வைத்திருக்கிறார்கள். நல்ல ஒழுங்கு. நமது நாட்டில் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடிகள் திட்டம் பல ஆண்டுகளாகப் பாடசாலைகளில் இருக்கிறது. பிள்ளைகள் பதக்கம் வாங்குகிறார்கள். சில பாடசாலைகளில் உண்மையாகவே வேலை நடக்கிறது. சிலவற்றில் கோப்பு மட்டும் அழகாக வளர்கிறது. ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

வீடியோ என்பது 2020க்கு முன்னர் எங்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்கு எட்டாத விடயமாக இருந்தது. கைத்தொலைபேசியோடு பிள்ளை பாடசாலைக்கு வந்தால் பறித்து அதிபரின் அலுமாரியில் வைத்து, பெற்றோரை அழைத்துக் கொடுப்போம். பிறகு கொரோனா வந்தது. நாங்களே வீடு வீடாகத் தகவல் அனுப்பி, பிள்ளைக்கு ஒரு போன் எடுத்துக் கொடுங்கள் என்றோம். ஆட்டை விற்று, நகையை அடைவு வைத்து வாங்கினார்கள். சூம் வகுப்புகள் நின்ற பிறகும் போன் வீட்டில் நின்றுவிட்டது. அதைக் கொண்டு ஏதாவது உருப்படியாகச் செய்யலாமா என்ற எண்ணத்திலேயே இந்தப் போட்டிக்கு ஐந்து பிள்ளைகளைச் சேர்த்தேன். மூன்று பெண்கள், இரண்டு பையன்கள். எல்லோரும் தரம் 10.

முதல் கூட்டத்தில் அவர்கள் சொன்ன தலைப்புகள்: பிளாஸ்ரிக் போத்தலில் பூச்சாடி செய்தல், மரம் நடுதல், மூலிகைத் தோட்டம், டெங்கு. தவறில்லை. வடக்கில் நவம்பர் மாதத்தை மரநடுகை மாதமாகக் கொண்டாடி எத்தனையோ கன்றுகள் நட்டிருக்கிறோம். அடுத்த ஆனியில் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியது யார் என்று மட்டும் நாங்கள் விசாரிப்பதில்லை. அந்தக் கேள்வியைத்தான் பிள்ளைகளிடமும் கேட்டேன். ஒரு பையன் சட்டென்று சொன்னான், "சேர், கிணத்தில தண்ணி இருந்தாத்தானே ஊத்திறது." தலைப்பு அங்கேயே கிடைத்துவிட்டது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று வந்து, அராலியில் கடல்நீரேரியில் விழும். மாரியில் மட்டும் ஆறு, கோடையில் மாடு மேய்கிற வெளி. மற்றபடி எங்கள் குடிநீர், குளிநீர், தோட்டத்து நீர் எல்லாம் காலுக்குக் கீழேதான் இருக்கிறது. மேலே மெல்லிய மண், கீழே வெடிப்பும் பொந்துமாகச் சுண்ணாம்புக்கல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை அந்தப் பொந்துகளில் இறங்கித் தேங்குகிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அந்தக் கல்லின் விளையாட்டுத்தான்.

இந்த நன்னீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது என்பதைத்தான் பிள்ளைகளுக்குப் புரிய வைப்பது கடினம். நன்னீர் பாரம் குறைந்தது, உப்புநீர் பாரம் கூடியது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் அறிஞர்களின் கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடியை இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி மேலே வர இடமுண்டு. கரும்பலகையில் இதைக் கீறியபோது வகுப்பில் சத்தமில்லை. ஐந்து பேரில் ஒருத்தி மட்டும், "அப்ப எங்கட அம்மம்மா வீட்டுக் கிணறு சவராப் போனது அதாலயோ?" என்று கேட்டாள்.

நாங்கள் முதலில் செய்தது படம் எடுப்பதல்ல, கயிறு எடுப்பது. ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டினோம். வெள்ளிக்கிழமை தோறும் பாடசாலைக் கிணறு, கோயில் கிணறு, ஐந்து பிள்ளைகளின் வீட்டுக் கிணறுகள் என்று ஏழு இடத்தில் கயிற்றை இறக்கி, நீர் எத்தனையாவது முடிச்சில் நிற்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதினோம். ஒரு கொப்பிக்கு ஆன செலவு மட்டுந்தான்.

அயலில் ஒரு முதியவர் இருக்கிறார். வெங்காயமும் புகையிலையும் செய்தவர். சிறுவயதில் துலா மிதித்தவர். துலாமரத்தின் மேலே ஒருவர் முன்னும் பின்னுமாக நடக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் சாய்ப்பார். பிள்ளைகளுக்கு அது சினிமா போல இருந்தது. கமராவுக்கு முன்னால் அவர் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன்: "துலா மிதிச்ச காலத்தில, இவ்வளவுதான் இண்டைக்கு இறைக்கலாம் எண்டு உடம்பு சொல்லிப்போடும். மெசினுக்கு அப்பிடி ஒண்டும் இல்லைத் தம்பி. எண்ணெய் இருக்குமட்டும் இழுக்கும்."

எண்ணெய் இல்லாத காலத்தையும் நாங்கள் பார்த்தவர்கள். 1990களில் குடாநாட்டுக்கு எரிபொருள் வராமல், மின்சாரமும் இல்லாமல் கிடந்தபோது நான் பள்ளி மாணவன். விடியற்காலையில் கப்பிச் சத்தந்தான் எங்களை எழுப்பும். பிறகு 2022இல் அதே காட்சி திரும்ப வந்தது. அந்த ஆண்டு மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்தடை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மோட்டர் பூட்டிய வீடுகளில் வாளியும் கயிறும் தேடினார்கள். கிணற்றுக்கட்டில் கப்பி பூட்டும் தூணையே இடித்துவிட்ட வீடுகள் பட்ட பாட்டைப் பிள்ளைகளே எனக்குச் சொன்னார்கள். அதுவும் படத்தில் பதினைந்து செக்கன் வந்தது.

இவ்வளவும் நன்றாகத்தான் போயிற்று. பிரச்சினை என்ற பகுதியில்தான் சிக்கல் தொடங்கியது.

சுன்னாகம் மானிப்பாயிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். அங்கே மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை நாடறிந்தது. 2013க்கும் 2014க்கும் இடையில் 150 கிணறுகளைச் சோதித்ததில் 109இல் எண்ணெயும் கிரீசும் நியம அளவுக்கு மேலே இருந்தன. சனங்கள் தெருவுக்கு வந்தார்கள். தண்ணீர்ப் பவுசர்கள் வந்தன. நிபுணர் குழு வந்தது. அந்தக் குழுவின் அறிக்கையைப் பற்றிச் சண்டையும் வந்தது. ரவீந்திர குணவர்தன காரியவசம் என்ற சூழலியலாளர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்ற நெறியைச் சொல்லி, நொதேர்ண் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தெற்கிலிருந்து ஒருவர் வடக்கின் கிணறுகளுக்காக வழக்காடினார் என்பதை வகுப்பில் நான் ஒருமுறைக்கு இருமுறை சொல்வதுண்டு.

பிள்ளைகளுக்குச் சுன்னாகத்தைப் படமாக்க ஆசை. எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் மின்னும், கமராவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் போட்டி கேட்டது எங்கள் பாடசாலைச் சமூகத்தின் பிரச்சினையை. எங்கள் ஊர்க் கிணறுகளில் எண்ணெய் இல்லை. இருப்பது நைத்திரேற்று. தோட்டத்துக்குப் போடும் யூரியாவிலிருந்தும், வீட்டுக் கோடியில் இருக்கும் மலக்குழியிலிருந்தும் கல்வெடிப்பு வழியாகக் கிணற்றுக்கு வருவது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. பெரியவர்களைவிடக் கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுக்குறைந்து குழந்தை நீலம் பாரிக்கும் நோய் அதனால் வரும்.

இந்த இதழை வாசிக்கும் கற்பிட்டி நண்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்களுக்குக் கல், உங்களுக்கு மணல். உரமிட்ட தோட்டத்துக்குக் கீழேதான் இரண்டு இடத்திலும் குடிநீர் இருக்கிறது. உரத்தை ஒரே இரவில் நிறுத்தினால் சரியாகிவிடும் என்று 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது, அதே ஆண்டு நவம்பரில் தடையை எடுத்தது. இடையில் கமக்காரன் பட்டது தனிக்கதை.

ஏழு கிணற்றிலும் தண்ணீர் எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தோம். சில எல்லைக்குள் இருந்தன. சில மேலே. எல்லாவற்றிலும் கூடியது குழுவில் இருந்த ஒரு பிள்ளையின் வீட்டுக் கிணறு. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே பிள்ளைகள் நாடா பிடித்து அளந்தார்கள். இருபத்தெட்டு அடி. இரண்டரைப் பரப்புக் காணியில் வீடு, கிணறு, குழி, பக்கத்து வளவில் வெங்காயத் தறை. வேறெங்கே வைப்பது? அந்த வீட்டில் பிள்ளையின் அக்காவுக்கு நான்கு மாதக் குழந்தை. தாய்ப்பால் போதாமல் மாப்பால் கரைத்துக் கொடுக்கிறார்கள். கரைப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீரில். நன்றாகக் கொதிக்க வைத்து.

பெறுபேற்றுத் தாளோடு அன்று பின்னேரமே அந்த வீட்டுக்குப் போனேன். குடும்பநல உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டுதான் போனேன், இது வாத்தியார் மட்டும் சொல்லி முடிகிற விடயமல்ல. தாயார் தாளை வாங்கிப் பார்த்தார். "அது என்ன சாமான் சேர், இந்த நைத்திரேற்று?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என்னோடு வந்த பையன் சொன்னான்: "உப்பு மாதிரி அம்மா. ஆனா கரிக்காது."

மானிப்பாயில் டொக்டர் கிறீன் இருந்திருக்கிறார். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து, இந்த ஊரிலேயே வைத்தியம் படிப்பித்து, பின்னர் அதைத் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கியவர். இரசாயனத்துக்கு ஒரு நூல் செய்து அதற்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர் வைத்தவர். ஒவ்வொரு சொல்லுக்கும் அவரும் அவருடைய மாணவர்களும் எவ்வளவு யோசித்திருப்பார்கள் என்று நான் நினைப்பதுண்டு. அந்தப் பையனுடைய 'கரிக்காத உப்பு' அகராதியில் ஏறாது. ஆனால் அந்தத் தாய்க்கு அதுதான் விளங்கியது. அன்றிரவே குழந்தைக்கு வேறு தண்ணீர் எடுத்தார்கள்.

வீடியோ என்று வந்தபோதுதான் அவர் மறுத்தார். "சேர், குறை நினைக்காதேங்கோ. எங்கட கிணத்தைப் படத்தில காட்டினா நாளைக்கு ஒருத்தரும் எங்கட வீட்டில ஒரு தேத்தண்ணி குடிக்க மாட்டினம்." முகத்தைக் காட்டமாட்டோம், ஊரைச் சொல்லமாட்டோம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். ஊர் கண்டுபிடித்துவிடும் என்றார். அவர் சொன்னது சரி. கிணற்றுக்கட்டைப் பார்த்தே யார் வீடென்று சொல்கிற ஊர் இது.

மறுநாள் குழுவில் வாக்குவாதம். கிணறும் குழியும் இல்லாவிட்டால் படத்தில் பிரச்சினையே இல்லை, பரிசு கிடைக்காது என்றான் ஒருவன். பரிசுக்காக ஒரு வீட்டின் மானத்தை வாங்குவதா என்றாள் மற்றவள். அந்த வீட்டுப் பிள்ளை பேசாமல் இருந்தாள். நான் எதையும் தீர்மானிக்கவில்லை. அவள் சொல்வதுதான் முடிவு என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவள் இரண்டு கண்ணாடிக் குவளைகளோடு வந்தாள். இரண்டிலும் தண்ணீர். ஒன்றில் ஒரு கரண்டி சீனி போட்டுக் கரைத்திருந்தாள். "எது சீனித்தண்ணி எண்டு பாத்துச் சொல்லுங்கோ சேர்." சொல்ல முடியவில்லை. இதுதான் எங்கட பிரச்சினை என்று காட்டுவோம், கிணறு வேண்டாம் என்றாள். படத்தில் அந்தக் குவளைகள் முப்பது செக்கன் நிற்கின்றன. பின்னால் அவளுடைய குரல் மட்டும்.

தீர்வாக நாங்கள் காட்டியது மழைநீர். பாடசாலைக் கட்டடம் ஒன்றின் கூரை 100 சதுர மீற்றர் அளவு. இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. பெருக்கினால் 120,000 லீற்றர். சிந்திச் சிதறியது போக நூறாயிரம் என்று வையுங்கள். கணித பாடத்தில் இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை. பழைய மாணவர் ஒருவர் பீலிக்கும் குழாய்க்கும் காசு தந்தார். முதல் மழையைக் கழித்துவிட்டு, மீதியைச் சல்லியும் மணலும் போட்ட குழி ஒன்றில் இறக்கினோம். அதனால் ஊரின் நைத்திரேற்று குறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மலக்குழிகள் அடைப்பாகக் கட்டப்படாமலும் உரம் அளவோடு போடப்படாமலும் அது குறையாது.

போட்டிக்கு அனுப்பினோம். பரிசு கிடைக்கவில்லை. நடுவர்களின் குறிப்பில், பெறுபேறு தெளிவாகக் காட்டப்படவில்லை என்றிருந்தது. நியாயமான குறிப்புத்தான். பரிசு பெற்ற படங்களில் பிளாஸ்ரிக் போத்தல்களால் வேலி அமைத்த படம் ஒன்று இருந்தது. அழகான வேலி. முதல் நாள் குப்பை, கடைசி நாள் வேலி; எவருக்கும் விளங்கும். மூன்று மாதத்தில் தொடங்கி மூன்று நிமிடத்தில் முடிகிற பிரச்சினைகளுக்கு இந்தப் போட்டிகள் பொருத்தமானவை. நிலத்தடி நீருக்கு ஒரு மாரி போதாது, பல மாரி வேண்டும். இப்படிப்பட்ட போட்டி நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரேயொரு கோரிக்கை உண்டு. பரிசு கொடுத்து இரண்டு வருடம் கழித்து அதே பாடசாலைக்கு ஒருமுறை வந்து பாருங்கள்; அப்போது இன்னொரு மூன்று நிமிடம் எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு பரிசு வையுங்கள். போத்தல் வேலி நிற்கிறதா என்றும் பார்க்கலாம், எங்கள் குழியில் சல்லி அடைத்துவிட்டதா என்றும் பார்க்கலாம்.

2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தரக்கூடியது என்கிறார்கள். குழாய் வீட்டுக்கு வந்தால் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் குழாய் வந்த பிறகு கிணற்றை எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவார்கள். வெங்காயத்துக்கும் வாழைக்கும் கிணறுதான் வேண்டும். கடல்நீரைக் காய்ச்சாமல் வடிகட்டித் தருவதற்கு எவ்வளவு மின்சாரம் வேண்டுமென்பது 2022ஐப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த ஐவரும் சாதாரணதரம் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். கயிறும் கொப்பியும் இப்போது தரம் 9 பிள்ளைகளிடம். முதல் கொப்பி முடிந்து இரண்டாவதில் பாதி எழுதியாயிற்று. எந்தக் கிணறு மழைக்கு முதலில் ஏறுகிறது, எது கடைசியில் ஏறுகிறது என்பதை அவர்கள் கொப்பியைப் பார்க்காமலே சொல்கிறார்கள். கோயில் கிணறு சித்திரைக்கு முன்னரே நான்கு முடிச்சு இறங்கிவிட்டதைக் கண்டு, பக்கத்துத் தோட்டக்காரரிடம் போய் ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் மெசின் போடுகிறீர்கள் என்று இரண்டு பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அவர் என்னைத் தெருவில் மறித்து, "மாஸ்டர், உங்கட பொலிஸ்காரர் வந்தவை" என்றார். கோபத்தோடு சொன்னாரா பகிடியாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் மணித்தியாலத்தைச் சொல்லியிருக்கிறார், கொப்பியில் இருக்கிறது.

சென்ற தைப்பொங்கலுக்குப் பிறகு அந்தத் தாயார் பாடசாலைக்கு வந்தார். அடியும் கட்டிய அடைப்பான குழி ஒன்று போட மேசனிடம் விலை கேட்டிருக்கிறாராம். நாடாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஒருக்கால் அனுப்பிவிடுங்கள், வளவில் ஆகத் தூரமான மூலை எது என்று அளந்து பார்க்க வேண்டும் என்றார். அனுப்பினேன். நாற்பத்தியொரு அடி வந்தது. அந்த மூலையில் ஒரு முருங்கை நிற்கிறது. அதை வெட்டுவதா விடுவதா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. சீமெந்து விலை குறைந்தால் வைகாசிக்கு முன்னர் தொடங்கலாம் என்றிருக்கிறார்கள். கல்லு மட்டும் வந்து இறங்கியிருக்கிறது.